குரல் கேட்கிற விஷயத்தைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்லலாமா?

நீலாம்பல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது ஒரு கேள்வி வந்திருக்கிறது. வீட்டில் பேச முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு 29 வயது. சிவகாசிப் பக்கம் ஓர் அச்சகத்தில் டிடிபி வேலை. காலண்டர் சீசனில் இரவு பத்து மணி வரை உட்கார்ந்திருப்பேன். கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும்போது எனக்குக் குரல் கேட்க ஆரம்பித்தது. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கீழே ஓடிப்போய் "கூப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். அம்மா இல்லை என்றார். அந்த வாரம் நாலைந்து தடவை இப்படி ஆனது. அடுத்த மாதத்துக்குள் அவர்கள் மூன்று பேர் ஆகிவிட்டார்கள். ஓர் ஆள் நான் செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார்: "இப்ப செருப்ப மாட்டுறா, இப்ப கதவச் சாத்துறா." இன்னொருத்தி சிரிப்பாள், அசிங்கமாகத் திட்டுவாள். மூன்றாவது, இறந்துபோன என் பெரிய அத்தை.

மனதுக்குள் ஓடுகிற நினைப்பு வேறு, இது வேறு. இதைக் காதால்தான் கேட்கிறேன். பஸ்ஸில் பின் சீட்டில் இருப்பவர் பேசினால் எப்படி இருக்கும், அப்படி. சிரிக்கிறவள் எப்போதும் இடது பக்கம்தான்.

முதல் வருடம் மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், ஒரு இடத்தில் வேப்பிலையால் அடிக்கவும் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. சீட்டில் மனச்சிதைவு நோய் என்று எழுதினார்கள். ரிஸ்பெரிடோன் சாப்பிட்டு மூன்று மாதத்தில் நன்றாகக் குறைந்தது. ஆனால் ஐந்து மாதம் மாதவிடாய் வரவில்லை. அம்மா அந்த நாட்களில் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். டாக்டரிடம் சொன்னதும் இது அந்த மாத்திரையால் வருவதுதான் என்று சொல்லி, அரிப்பிப்ரசோலுக்கு மாற்றினார். இரண்டே மாதத்தில் சரியானது. இப்போது பெரும்பாலும் அத்தை மட்டும், அதுவும் சாயங்காலம்தான். தூக்கம் கெட்டால் மற்ற இரண்டு பேரும் வருவார்கள்.

சாத்தூரிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. லாரி புக்கிங் ஆபீசில் வேலை, நல்ல குடும்பம் என்கிறார்கள். பத்துக்கு எட்டுப் பொருத்தம். அம்மா, "வாயத் திறக்காதே, தாலி ஏறினா எல்லாம் சரியாயிடும்" என்கிறார். என் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரு வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார், அங்கே போய் வைட்டமின் என்று சொல்லிச் சாப்பிட வேண்டுமாம். அண்ணி மட்டும் சொல்லிவிடு என்கிறார்.

நான் என்ன செய்ய?

வைகைக்கரை

தங்கச்சி, எனக்கு 58 வயது. உங்கள் அம்மா பக்கமிருந்து பேசுகிறேன், கோபப்படாதீர்கள். என் நாத்தனார் மகளுக்கும் இதுதான். முதல் வரனிடம் உண்மையைச் சொன்னார்கள். அவர்கள் வேண்டாம் என்று போனதோடு நிற்கவில்லை, தரகர் மூலம் நாலு ஊருக்குத் தெரிந்துவிட்டது. அவள் தங்கைக்கும் மூன்று வருடம் வரன் அமையவில்லை, "அந்த வீட்டுல மூளை சரியில்லாதது ஒண்ணு இருக்காமே" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். சொல்வது நியாயம்தான், ஆனால் நியாயத்தைச் சொன்னவளுக்கு ஊர் என்ன செய்யும் என்பதையும் பார்க்க வேண்டும். வேலை இருக்கிறது, மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கொஞ்ச நாள் கழித்து, அந்த மனிதரை நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகு நீங்களே சொல்லிக்கொள்ளலாமே.

மருதாணிக்கை

வைகைக்கரை அம்மா சொன்ன மாதிரிதான் என் அம்மாவுக்குக் கல்யாணம் நடந்தது. அப்போது அம்மாவுக்கு 22 வயது. மாத்திரைகளைச் சேலை மடிப்புக்குள் வைத்துத்தான் புகுந்த வீட்டுக்குப் போனார். கூட்டுக் குடும்பம், ஒரே பீரோ, மாமியாருக்குத் தெரியாமல் ஒரு மாத்திரை விழுங்க வழியில்லை. இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டார். கொஞ்ச நாள் ஒன்றும் ஆகவில்லை. அதனால் குணமாகிவிட்டது என்றே நினைத்துவிட்டார்கள்.

நான் பிறந்த மூன்றாவது வாரம் எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தது. பிள்ளை பெற்ற வீட்டில் தூக்கம் கிடையாது, உடம்பில் ஆயிரம் மாற்றம், மருந்தும் இல்லை. சமையலறையில் யாரோ விஷம் வைக்கச் சொல்வதாக அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. என்னைத் தூக்கிக்கொண்டு நடுராத்திரி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். என்னைக் காப்பாற்றத்தான் போனார் என்று எனக்கு இப்போது தெரியும். ஊரார் அன்றைக்குப் பேசியது வேறு. சீராகக் கொடுத்த பாத்திர பண்டங்களோடு அம்மாவைப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அப்பாவை நான் ஆறு வயதில்தான் முதலில் பார்த்தேன்.

அப்பா பிறகு ஒரு தடவை என்னிடம் சொன்னார்: முன்னாலேயே தெரிந்திருந்தால் மாத்திரையை நானே எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று. அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவருக்கு அந்த வாய்ப்பே தரப்படவில்லை, அம்மாவுக்கும்தான்.

நீலாம்பல், அந்த வைட்டமின் டப்பாவைப் பற்றிப் படித்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது.

நீதிக்கல்

வழக்கறிஞர் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் "மனநோய் இருந்தால் கல்யாணமே செல்லாது" என்று பலரும் பயமுறுத்துவார்கள். அப்படி இல்லை. இந்து திருமணச் சட்டம் 1955, மனநோய் உள்ளவர் கல்யாணமே செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. சம்மதம் தர முடியாத நிலையில் இருக்கிறாரா, இல்லற வாழ்வுக்குத் தகுதியற்ற அளவுக்கு நோய் கடுமையாக இருக்கிறதா என்றுதான் முக்கியமாகப் பார்க்கிறது. விவாகரத்து விஷயத்திலும் அப்படித்தான். மனச்சிதைவு என்று டாக்டர் சீட்டில் எழுதியிருப்பது மட்டும் போதாது, சேர்ந்து வாழவே முடியாத அளவில் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்று 1988இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வேலைக்குப் போய்க்கொண்டு, சம்பாதித்துக்கொண்டு, மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இது பெரிய பலம்.

ஆனால் மறைத்துச் செய்த கல்யாணம் வேறு. முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் வாங்கினார்கள் என்று சொல்லி, தெரியவந்த ஒரு வருடத்துக்குள் திருமணத்தை ரத்துசெய்யக் கோர முடியும். இப்படி வரும் வழக்குகளில் நோயைவிட மறைத்ததுதான் பெண்ணுக்கு எதிராக நிற்கிறது. கூண்டில் நிற்க வைத்து என்ன கேள்வியெல்லாம் கேட்பார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். அதை இங்கே எழுத மனம் வரவில்லை.

பிழைதிருத்தி

கேள்வியை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன், மன்னிக்கவும். அந்த மனச்சிதைவு என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. சிதை என்றால் அழிந்துபோவது, சிதிலம், பிணம் எரிக்கும் அடுக்கு. 20 வயதுப் பிள்ளையின் கையில் உன் மனம் சிதைந்துவிட்டது என்று ஒரு சீட்டைக் கொடுத்தால் அந்தப் பிள்ளை மிச்ச வாழ்க்கையைப் பற்றி என்ன நினைக்கும்? ஜப்பானிலும் பழைய பெயருக்கு மனம் பிளந்த நோய் என்றுதான் அர்த்தம். நோயாளிகளின் குடும்பங்கள் கேட்டுக்கொண்டதால் 2002இல் அதை மாற்றி, மனதின் ஒருங்கிணைப்பில் வரும் கோளாறு என்ற பொருளில் புதுப் பெயர் வைத்தார்கள். அதன் பிறகு நோயின் பெயரை நோயாளியிடமே சொல்லும் டாக்டர்கள் அதிகமானார்கள். கொரியாவிலும் மாற்றினார்கள். அவர்கள் வைத்த பெயர், வாத்தியத்தின் நரம்பைச் சுருதி கூட்டுவதை வைத்து வந்தது. சுருதி கலைந்தால் மறுபடி கூட்டலாம். சிதைந்ததை என்ன செய்வது? தமிழில் நல்ல சொல் ஒன்றை உருவாக்க வேண்டும், இதை எழுதும் பத்திரிகைக்காரர்களும் டாக்டர்களும் சேர்ந்து.

தெற்குத்தெரு

பிழைதிருத்தி சொல்வது சரிதான். ஆனால் சொல்லை மாற்றினாலும் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்பவன் மாறுவானா? 1794இலிருந்து இயங்கும் மனநல ஆஸ்பத்திரி அது. எத்தனை ஆயிரம் பேர் அங்கே தேறி வீடு திரும்பியிருக்கிறார்கள். ஊருக்கு அது ஒரு வசைச் சொல், அவ்வளவுதான்.

நான் ராமநாதபுரம் மாவட்டம். என் தம்பிக்குக் குரல் கேட்டது. அப்பா அவனை மனநோயாளிகளை வைத்திருக்கும் ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டார், எந்த ஊர் என்று சொல்ல விரும்பவில்லை. நான் போய்ப் பார்த்தபோது காலில் சங்கிலி. கணுக்கால் முழுக்கப் புண். "அண்ணே, அவங்க நிறுத்த மாட்டேங்குறாங்க" என்றான். சங்கிலியைச் சொல்கிறான் என்று நினைத்தேன். குரல்களைச் சொல்லியிருக்கிறான். நான் அப்போது அவனிடம் அவங்க யார், என்ன சொல்றாங்க என்று கேட்கவே இல்லை. கேட்டால் இன்னும் அதிகமாகும் என்று எங்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு விடுதி தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர். என் தம்பி அங்கே இல்லை. ஆனால் அன்றைக்கு மத்தியானமே நானும் அப்பாவும் போய் அவனை அழைத்துவந்துவிட்டோம். அதன் பிறகு அரசு அந்த மாதிரி விடுதிகளை மூடியது, நீதிமன்றம் தலையிட்டது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று ஒரு பிரிவே இருக்கிறது. அந்தப் பிரிவுக்குப் பின்னால் அந்த 28 பேர் இருப்பதாகத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

தம்பி இப்போது ஆடு வளர்க்கிறான். மாதம் ஒரு ஊசி போடுகிறார்கள், தினமும் மாத்திரை ஞாபகம் வைக்கிற தொல்லை இல்லை. குரல் கேட்கத்தான் செய்கிறது. ஆடுகளோடு இருக்கும்போது குறைவாம்.

குணசீலத்தான்

கோயிலுக்குப் போவதையே தப்பு என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். திருச்சி பக்கம் குணசீலத்தில் 48 நாள் தங்குகிறார்கள், என் சித்தி தங்கியிருக்கிறார். அடி கிடையாது, சங்கிலி கிடையாது. காலையில் எழுப்பித் தீர்த்தம் தெளிப்பார்கள், நேரத்துக்குச் சாப்பாடு. சித்தி அங்கேதான் ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் முதலாகச் சிரித்தார்.

வெள்ளைக்கோட்டு

மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் செவிலியாக 14 வருடம். குணசீலத்தான் சொல்வதை நான் ஒதுக்க மாட்டேன். தமிழ்நாட்டுக் கிராமக் கோயில் ஒன்றில் தங்கியவர்களைப் பெங்களூரு மனநல மருத்துவர்கள் ஆராய்ந்து 2002இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆறு வாரம் அளவுக்குத் தங்கியவர்களின் அறிகுறிகளில் சராசரியாக ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மருந்து இல்லை, தனிச் சடங்குகூட இல்லை. அடிக்காத, விரட்டாத ஒரு இடம், கூடவே ஒரு உறவினர், அவ்வளவுதான். ஆகவே கோயிலுக்குப் போங்கள், மாத்திரையையும் கூடவே கொண்டுபோங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன். வேப்பிலையால் அடிக்கும் இடத்துக்கு மட்டும் போகாதீர்கள்.

நீலாம்பல், உங்கள் அத்தை குரல் பற்றி. அமெரிக்காவில் கலிபோர்னியா, கானாவில் அக்ரா, இங்கே சென்னை, இந்த மூன்று இடங்களிலும் குரல் கேட்கும் 20, 20 பேரிடம் பேசிப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்கர்களுக்குக் கேட்டது பெரும்பாலும் தெரியாத ஆட்கள், வன்முறை, போர்க்களம் போல. சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். குளி, சாப்பிடு, கடைக்குப் போ என்று சொல்லும் குரல், திட்டும் குரல், அக்கறையாகப் பேசும் குரலும். மூளையில் நடப்பது எல்லோருக்கும் ஒன்றாக இருந்தாலும், யார் பேசுகிறார்கள் என்பதை நாம் வளர்ந்த வீடு தீர்மானிக்கிறது போலும்.

ஏன் கேட்கிறது என்று நோயாளிகள் கேட்டால் நான் இப்படிச் சொல்வேன். நாம் எல்லோரும் மனதுக்குள் பேசுகிறோம். பேசும்போது இது என் பேச்சுதான் என்று மூளை ஒரு அடையாளம் வைத்துவிடும். சிலருக்கு அந்த அடையாளம் விழாமல் போகும், அப்போது சொந்தப் பேச்சே வெளியிலிருந்து வருவது போல் கேட்கும். இது முழு விளக்கம் இல்லை, ஆனால் குரல் கேட்கிற நேரத்தில் படம் எடுத்தால் மூளையின் பேச்சுக்கான பகுதி வேலை செய்வதைப் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் முணுமுணுத்துப் பாடினாலோ சத்தமாகப் படித்தாலோ சிலருக்குக் குரல் மங்கும். வாய் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யாது. வெளியில் இருக்கும்போது பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை என்றால் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசுங்கள். இன்றைக்கு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கல்யாணம் பற்றி ஒன்று மட்டும். பிள்ளைக்கு வருமா என்று கட்டாயம் கேட்பார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. மற்ற ஒன்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், முன்கூட்டியே டாக்டரிடம் திட்டம் போடுங்கள்.

பனங்கிழங்கு

நான் யாழ்ப்பாணம். இஞ்சை "அங்கொடை" எண்டால் அதே கதைதான், அது கொழும்புப் பக்கத்திலை இருக்கிற மனநல ஆஸ்பத்திரி. விசர் (பைத்தியம்) எண்ட சொல்லை நாங்கள் சாதாரணமாகப் பாவிப்போம், என் மனிசன் செத்த பிறகுதான் அது எவ்வளவு குத்தும் எண்டு தெரிஞ்சது.

அவர் போய் நாலு மாதம் வரைக்கும் பின்னேரம் ஆறு மணிக்குச் சைக்கிள் ஸ்டாண்ட் போடுற சத்தம் எனக்குக் கேக்கும். பிறகு செருப்புச் சத்தம். ஒருநாள் வாசல் மட்டும் போய்ப் பார்த்தன், ஒருத்தரும் இல்லை. மாமியிட்டை சொன்னேன். மாமி தேத்தண்ணி ஊத்திக்கொண்டே, "எனக்கும் கேக்குது பிள்ளை" எண்டவா. அவ்வளவுதான். நான் ஒருத்தருக்கும் சொல்லாமல் இருந்திருந்தால் விசர் பிடிச்சிட்டுது எண்டே நம்பியிருப்பன். பிறகு ஒரு டாக்டர் சொன்னவர், துக்கத்திலை இப்படிக் கேக்கிறது நிறையப் பேருக்கு உண்டாம், நோயே இல்லையாம்.

தங்கச்சி, அந்த ஆளிட்டைச் சொல்லுங்கோ. "எனக்கும் கேக்குது" எண்டு சொல்ல மாட்டார்தான். ஆனால் தேத்தண்ணியை நிப்பாட்டாமல் கேப்பாரோ எண்டு பாருங்கோ.

கண்ணாடிக்கடை

பனங்கிழங்கு அக்கா சொன்னதற்கு ஒரு சின்னச் சேர்க்கை. என் தாத்தாவுக்குக் கண்ணில் நீர் அழுத்தம் வந்து பார்வை பெரும்பாலும் போய்விட்டது. அதன் பிறகு சுவரோரம் சின்னச் சின்ன மனிதர்கள் தலைப்பாகையோடு வரிசையாகப் போவது தெரியும் அவருக்கு. புத்தி தெளிவாக இருந்தது, இல்லாதது என்று அவருக்கே தெரியும். மூன்று வருடம் யாரிடமும் சொல்லவில்லை, பைத்தியம் என்று சொத்தை எழுதி வாங்கிவிடுவார்கள் என்ற பயம். கண் டாக்டர் எதேச்சையாகக் கேட்டபோதுதான் அழுதுகொண்டே சொன்னார். பார்வை இழந்தவர்களுக்கு இப்படித் தெரிவது 1760லேயே எழுதி வைக்கப்பட்ட விஷயமாம், சார்லஸ் போனே என்பவர் தன் தாத்தாவைப் பற்றி எழுதியது. என் தாத்தாவுக்கு அது தெரிந்திருந்தால் அந்த மூன்று வருடம் நிம்மதியாக இருந்திருப்பார்.

நீலாம்பல்

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததை எழுதிவிடுகிறேன்.

இருக்கன்குடி கோயிலில் பார்ப்பது என்று முடிவானது. அண்ணி என்னையும் அவரையும் மண்டபத்தில் விட்டுவிட்டுப் பெரியவர்களோடு போய்விட்டார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. மாத்திரை சாப்பிடுகிறேன், காதில் குரல் கேட்கும், ஒன்பது வருடமாக இருக்கிறது, வேலை பார்க்கிறேன் என்று அப்படியே சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவங்க பேசறப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். முணுமுணுத்துப் பாடுவேன், இல்லாவிட்டால் ஏழு மணிக்கு வா என்று அத்தையிடம் சொல்லிவிடுவேன் என்றேன். ஏழு மணிக்கு வருவாங்களா என்று கேட்டார். பெரும்பாலும் வருவாங்க என்றேன். பிள்ளை பற்றியும் கேட்டார், பத்தில் ஒன்று சொன்னேன்.

நாலு நாள் கழித்து, பொருத்தம் இல்லை என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி அவரே போன் செய்தார். "எங்க வீட்டுல ஒத்துக்கல. ஆனா தரகர்ட்ட காரணத்தச் சொல்லல, யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். அழுகை வந்தது. வைகைக்கரை அம்மா, நீங்கள் பயந்தது பாதி நடந்தது, பாதி நடக்கவில்லை.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் நான் வேலை முடிந்து வந்தபோது வைட்டமின் டப்பா அலமாரியில் இல்லை, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டையாகவே இருந்தது. அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

வைகைக்கரை

படித்தேன் தங்கச்சி. என் நாத்தனார் மகளிடம் இந்த இழையைக் காட்டப் போகிறேன்.

புதுப்பேட்டை

இங்கே கேட்கலாமா தெரியவில்லை. என் தம்பிக்கு 19 வயது. இரண்டு மாதமாக ரூமை விட்டு வருவதில்லை, ஜன்னலை அட்டை வைத்து ஒட்டிவிட்டான், யாரோ பேசுவதாகச் சொல்கிறான். அப்பா அடிக்கப் போகிறார். எங்கே ஆரம்பிப்பது?

வெள்ளைக்கோட்டு

இன்றைக்கே 14416க்குப் போன் செய்யுங்கள். அரசின் இலவச மனநல எண், தமிழில் பேசுவார்கள், எந்த நேரமும். உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்த நாள், எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள், மருந்து இலவசம். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது, இரண்டு மாதம் என்பது சீக்கிரம்தான். குரல்கள் அவனையோ மற்றவர்களையோ காயப்படுத்தச் சொல்கின்றன என்று சொன்னால் காத்திருக்க வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அப்பாவை அடிக்க விடாதீர்கள். குரலே இல்லை என்று தம்பியோடு வாதாட வேண்டாம், இருக்கிறது என்று ஒத்து ஊதவும் வேண்டாம். "எனக்குக் கேட்கலடா, ஆனா உனக்குக் கேட்குதுன்னு நம்புறேன்" என்று சொன்னால் போதும்.

நீலாம்பல்

புதுப்பேட்டை, சாப்பாடு கொண்டுபோகும்போது ஐந்து நிமிஷம் அவன் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். எந்தப் பக்கத்திலிருந்து கேட்குது என்று கேளுங்கள். இடது பக்கம் என்றால் நீங்கள் அந்தப் பக்கம் போய் உட்காருங்கள். என் அண்ணி எனக்கு அப்படித்தான் செய்வார்.